மாடல் ரயில் டர்ன்டேபிள் திக்காமல் சுழல: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீராவி என்ஜினைத் திருப்பி நிறுத்தும் டர்ன்டேபிள், மாடல் ரயில் அமைப்பில் எல்லோரும் குனிந்து பார்க்கும் இடம். அதிகமாக மக்கர் செய்யும் இடமும் அதுதான். கிட் வாங்கி ஒட்டியவர்களும் சொந்தமாகச் செய்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

அளவுகள் எல்லாம் எச்ஓ ஸ்கேலுக்கானவை. அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஓஓ என்னும் ஸ்கேலுக்கும் அதே இடைவெளிதான் என்பதால் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். ‘என்’ (N) ஸ்கேல்காரர்கள் (160-இல் ஒரு பங்கு, 9 மி.மீ.) கிட்டத்தட்டப் பாதியாக எடுத்துக்கொள்ளலாம். சுழலும் பகுதியைப் பாலம் என்கிறேன். அது இருக்கும் வட்டப் பள்ளம் குழி. குழிக்குள் ஓரமாக வளைத்துப் போட்ட ஒற்றைத் தண்டவாளம் வளையத் தண்டவாளம். வெளியிலிருந்து வந்து குழி விளிம்பில் முடிபவை அணுகு தடங்கள்.

பாலம் திக்கித் திக்கிச் சுழல்கிறது. முதலில் எதைப் பார்ப்பது?

மோட்டாரைக் கழற்றுங்கள். கியர், பெல்ட் எது இருந்தாலும் அதையும் பிரித்துவிடுங்கள். பாலத்தின் ஒரு முனையை ஒற்றை விரலால் மெல்லத் தள்ளுங்கள். கால் சுற்றாவது தானாக ஓடி, அலுங்காமல் நிற்க வேண்டும். எங்கேயும் விரலுக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படக் கூடாது.

பெரும்பாலானோர் இந்தச் சோதனையைச் செய்வதில்லை. பாலம் திக்கினால் பெரிய மோட்டார் வாங்குகிறார்கள், அப்புறம் மோட்டாரை ஓட்டும் வேறு டிரைவர் போர்டு, அதற்குப் பிறகு புரோகிராமில் வேகத்தை மாற்றிப் பார்க்கிறார்கள். பலமான மோட்டார் உராய்வை நீக்காது, மறைத்துத்தான் வைக்கும். பாலம் உராய்வில் சிக்கி நிற்கும், கியர்களில் முறுக்கம் ஏறும், பிறகு ஒரே துள்ளலில் முன்னே பாயும். நீங்கள் பார்க்கிற திக்கல் அதுதான். விரலால் தள்ளி வழுக்கிக்கொண்டு ஓடாத பாலத்தை எந்த மோட்டாராலும் அழகாக ஓட்ட முடியாது.

விரலால் தள்ளும்போதே ஓரிடத்தில் பிடிக்கிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு பென்சில் போதும். பாலத்தின் ஒரு முனைக்கு அ, மறு முனைக்கு ஆ என்று குறித்துக்கொள்ளுங்கள். பிடிக்கிற இடத்தில் குழி விளிம்பில் ஒரு கோடு போடுங்கள்.

அ அந்தக் கோட்டுக்கு வந்தாலும் பிடிக்கிறது, ஆ வந்தாலும் பிடிக்கிறது என்றால் குற்றம் குழியில். வளையத் தண்டவாளம் அங்கே மேடாக இருக்கும், அல்லது குழிச் சுவர் உள்ளே தள்ளியிருக்கும். அ வரும்போது மட்டும் பிடித்து, ஆ சுதந்திரமாகப் போகிறது என்றால் அந்த இடத்தின் மேட்டோடு அ முனைக்கும் ஒரு கோளாறு உண்டு. சக்கரம் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், அல்லது அந்தப் பக்கம் பாலம் ஒரு நூல் நீளமாக இருக்கும்.

முனைகளின் உயரத்தையும் இதே முறையில் பார்க்கலாம். சுற்றும் வழி முழுக்க அ முனையே தாழ்ந்து இருந்தால், பாலம் ஷாஃப்ட்டின் மேல் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. எந்த முனை வந்தாலும் குழியின் ஒரே பக்கத்தில்தான் தாழ்கிறது என்றால் ஷாஃப்ட் செங்குத்தாக இல்லை, அல்லது அடிப்பலகை வளைந்துவிட்டது. முதலாவதற்கு ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்தால் தீரும். இரண்டாவதற்குப் பேரிங் பிளேட்டையே நிமிர்த்த வேண்டும். வளையத் தண்டவாளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தால் வேலைக்காகாது.

விரலுக்குச் சுகமாக ஓடுகிறது, மோட்டார் மாட்டினால் மட்டும் திக்குகிறது?

அப்படியென்றால் தேட வேண்டிய எல்லை சுருங்கிவிட்டது. ஒரு முழுச் சுற்றில் எத்தனை முறை திக்குகிறது என்று எண்ணுங்கள். 5-க்கு 1 பெல்ட் அமைப்பில் ஒரு சுற்றுக்கு ஐந்து முறை இறுகித் தளர்ந்தால், மோட்டார் பக்கத்துச் சின்னப் புல்லி மையம் விலகியிருக்கிறது. வார்ம் கியரில் (திருகு போன்ற ‘வார்ம்’ பல் சக்கரத்தைச் சுழற்றும் வகை), கியரின் பற்கள் எத்தனையோ அத்தனை திக்கல் இருந்தால், வார்ம் கோணலாக இருக்கிறது அல்லது பற்கள் மிக நெருக்கமாகக் கடிக்கின்றன. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு ‘டக்’ என்றால் ஒரு பல்லில் பிசிறோ பசைத் துணுக்கோ ஒட்டியிருக்கும். கிட் கியர்களில் வார்ப்பு நுனியில் பிசிறு இருப்பது ரொம்ப சாதாரணம். கத்தி நுனியால் சீவி எடுத்தால் போதும்.

எண்ணிக்கைக்கு ஒத்துவராமல் சுற்று முழுக்க இறுக்கமாக இருந்தால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

ஷாஃப்ட், பேரிங் எல்லாம் புதியது. பிறகு ஏன் இறுக்கம்?

சொந்தமாகச் செய்த டர்ன்டேபிள்களில் அடிக்கடி பார்க்கும் தவறு இது. பாலத்தின் ஷாஃப்ட்டுக்கு மேலே ஒரு பேரிங், கீழே ஒரு பேரிங். அதற்கும் கீழே மோட்டார் ஷாஃப்ட்டை இறுக்கமான கப்ளரால் (இரண்டு ஷாஃப்ட்டை இணைக்கும் துண்டு) நேரடியாகக் கோத்துவிடுகிறார்கள். மோட்டாருக்குள்ளும் பேரிங் இருக்கிறதல்லவா? இப்போது ஒரே ஷாஃப்ட்டுக்கு மூன்று பிடிமானங்கள். மூன்றும் மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் இருந்தால்தான் ஓடும். வீட்டு மேசையில் செய்கிற வேலையில் அது நடக்காது.

தீர்வு, மோட்டாரை மிதக்க விடுவது. பாலத்தின் ஷாஃப்ட்டை அதன் இரண்டு பேரிங்குகள் மட்டும் தாங்கட்டும். மோட்டாரிலிருந்து ஒரு முள், ஷாஃப்ட்டில் ஒரு காடி. முள் காடிக்குள் நின்று சுழற்றினால் போதும். பக்கவாட்டில் அரை மி.மீ. விலகல் இருந்தாலும் இறுகாது. வளைந்து கொடுக்கும் கப்ளரும் பயன்படும். பெல்ட் என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை, ஆனால் அதைக் கம்பி போல முறுக்கி வைக்காதீர்கள், பக்கவாட்டு இழுப்பு பேரிங்கைப் பாதிக்கும்.

பேரிங்குக்கு 608 நல்ல தேர்வு. உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, கனம் 7 மி.மீ. ஸ்கேட்டிங் சக்கரத்தில் போடுவதுதான், எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். இரண்டையும் ஒட்டினாற்போல் வைக்காமல் 40 மி.மீ.-ஆவது இடைவெளி விடுங்கள். ஏனென்று கணக்குப் போட்டால் தெரியும். அசலில் 90 அடிப் பாலம் எச்ஓ-வில் சுமார் 315 மி.மீ., அதாவது மையத்திலிருந்து முனைக்கு 157 மி.மீ. பேரிங்குகளுக்கிடையே 40 மி.மீ. இடைவெளியும் 0.1 மி.மீ. ஆட்டமும் இருந்தால், முனையில் கிட்டத்தட்ட 0.4 மி.மீ. மேலும் கீழும் ஆடும். இடைவெளியை 20 ஆக்கினால் ஆட்டம் இரட்டிப்பாகும்.

பாலத்தின் எடையை மையம் தாங்க வேண்டுமா, முனைச் சக்கரங்கள் தாங்க வேண்டுமா?

அசல் ரயில்வேயில் இரண்டும் உண்டு. பழைய டர்ன்டேபிள்களில் முழு எடையும் நடு அச்சில்தான். என்ஜின் டிரைவர் பாலத்தின் மேல் முன்னே பின்னே நகர்த்தி, எடை சமமாகும் புள்ளியில் நிறுத்துவார். அப்படி நிறுத்திவிட்டால் முனைச் சக்கரங்கள் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும், இரண்டு ஆட்கள் கம்பைப் பிடித்துத் தள்ளியே அவ்வளவு பெரிய நீராவி என்ஜினைத் திருப்பிவிடுவார்கள். பின்னால் என்ஜின்கள் நீண்டு கனத்தபோது, மையத்தோடு இரு முனைகளும் எடையைத் தாங்கும் வகை வந்தது. அதைத் தள்ள மின்மோட்டார் தேவைப்பட்டது.

மாடலுக்கு நான் சொல்வது பழைய முறை. எடையை மையத்தில் ஏற்றுங்கள். காலிப் பாலத்தில் முனைச் சக்கரத்துக்கும் வளையத் தண்டவாளத்துக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. சந்து இருக்கட்டும். அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. சாதாரண ஏ4 தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. இரண்டு தாள் நுழைய வேண்டும், மூன்று நுழையக் கூடாது. சுற்றி எல்லா இடத்திலும் இதைப் பார்த்துவிடுங்கள். என்ஜின் ஏறும்போது அந்த முனை அந்த 0.2 மி.மீ. இறங்கிச் சக்கரத்தில் நிற்கும், நடுவுக்கு வந்ததும் நிமிர்ந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, சக்கரமும் தடம் புரளாது.

எடையை முனைகளில் ஏற்றுவதுதான் சரி என்று வாதிடுபவர்களும் உண்டு. வளையத் தண்டவாளம் கண்ணாடி போல மட்டமாக இருந்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் அப்படி மட்டமாக யார் போடுகிறார்கள்?

வளையத் தண்டவாளத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

மூன்று விஷயம். இணைப்பு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அதன் மேல்பரப்பை அரத்தால் சமப்படுத்த வேண்டும். சக்கரத்தின் அச்சு நேராகக் குழி மையத்தைப் பார்த்து நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் சக்கரம் உருளாமல் இழுபடும், ‘கிறீச்’ சத்தம் வரும். சக்கர விளிம்பு தண்டவாளத்தின் பக்கத்தைத் தொடக் கூடாது. பாலத்தை மையத்தில் வைத்திருப்பது ஷாஃப்ட், சக்கரத்துக்கு அந்த வேலை வேண்டாம். நான் விளிம்பை முழுக்கத் தேய்த்தே எடுத்துவிடுவேன்.

எந்த மோட்டார் நல்லது?

மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, வார்ம் கியருடன் வரும் 12 வோல்ட் டிசி மோட்டார், நிமிடத்துக்கு ஒரு சுற்று அல்லது அதற்கும் கீழே. கண்ணால் பார்த்து பட்டனை விட்டு நிறுத்துவதற்கு இது போதும். வார்ம் கியர் தானாகப் பின்னோக்கிச் சுழலாது என்பதால் நின்ற இடத்தில் நிற்கும். எலெக்ட்ரானிக்ஸ் பிடிக்காதவர்களுக்கு இதையே சொல்வேன்.

இரண்டாவது, 28பிஒய்ஜே-48 என்கிற சின்ன 5 வோல்ட் ஸ்டெப்பர், அதாவது படிப்படியாக நகரும் மோட்டார். ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன சர்க்யூட் போர்டு) பழகுபவர்கள் எல்லோரிடமும் ஒன்று கிடக்கும். விலை மலிவு. ‘என்’ ஸ்கேலுக்கும் இலேசான எச்ஓ பாலத்துக்கும் ஓடும். ஒரு சூட்சுமம் இருக்கிறது. அரை ஸ்டெப் முறையில் ஒரு சுற்றுக்கு 4096 ஸ்டெப் என்று எழுதியிருக்கும். ஆனால் அதன் கியர் விகிதம் பல மோட்டார்களில் சரியாக 64 இல்லை, 63.68. அதனால் உண்மையில் ஒரு சுற்று சுமார் 4076 ஸ்டெப்தான். வித்தியாசம் 20 ஸ்டெப், அதாவது 1.8 டிகிரி. 315 மி.மீ. பாலத்தின் முனையில் அது கிட்டத்தட்ட 5 மி.மீ. ‘முதல் சுற்றில் சரியாக நின்றது, அடுத்த சுற்றில் தள்ளிப் போய்விட்டது’ என்று புலம்புபவர்கள் முதலில் இந்த எண்ணைச் சரிபாருங்கள். தொடக்க இடத்தைக் காட்டும் ஹோம் சென்சாரிலிருந்து மறுபடி ஹோம் சென்சார் வரை ஸ்டெப்பை எண்ணவைத்தால் உங்கள் மோட்டாரின் உண்மையான எண் கிடைத்துவிடும்.

மூன்றாவது, நெமா 17 ஸ்டெப்பர். பலம் தாராளம். ஆனால் நேரடியாக மாட்டாதீர்கள். இதற்கு ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். ஒவ்வொரு முழு ஸ்டெப்பும் பால முனையில் ஏறக்குறைய 5 மி.மீ. ஒரு ஸ்டெப்பை 16 துண்டாக்கும் மைக்ரோஸ்டெப் போட்டால் 0.3 மி.மீ. ஆகிவிடும், உண்மைதான். ஆனால் மைக்ரோஸ்டெப் என்பது கரண்ட் இருக்கும்வரை நிற்கிற நிலை. மின்சாரத்தை அணைத்தால் பக்கத்திலுள்ள முழு ஸ்டெப்புக்குத் தாவிவிடும், என்ஜின் பாதி ஏறிய நிலையில் இருந்தால் கதை முடிந்தது. ஜிடி2 என்னும் பல் பெல்ட்டில் 20 பல் புல்லியும் 100 பல் புல்லியும் போட்டு 5-க்கு 1 ஆக்கினால் முனையில் ஒரு மைக்ரோஸ்டெப் 0.06 மி.மீ. எச்ஓ தண்டவாளத்தின் தலை அகலமே ஒரு மி.மீ.-க்குச் சற்றுக் குறைவு என்பதால் இது தாராளம்.

ஸ்டெப்பர் ஓடும்போது ‘உர்ர்’ என்று மேசையே அதிர்கிறதே?

பிளைவுட் பலகை வீணைக்குடம் மாதிரி சத்தத்தைப் பெருக்குகிறது. மோட்டாரை ரப்பர் வாஷர் வைத்து மாட்டுங்கள். ஏ4988 டிரைவருக்குப் பதில் டிஎம்சி2208 போட்டால் சத்தம் பெருமளவு அடங்கும். எந்த டிரைவராக இருந்தாலும் கரண்ட் அளவைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். விரல் சோதனையில் தேறிய பாலத்துக்கு மிகக் குறைந்த கரண்ட் போதும்.

ஒரு பக்கம் சுழற்றினால் சரியாக நிற்கிறது, மறுபக்கம் சுழற்றினால் ஒரு மி.மீ. தள்ளி நிற்கிறது. ஏன்?

கியர்களுக்கிடையே உள்ள ஆட்டம். பேக்லாஷ் என்பார்கள். அதை முழுக்க ஒழிக்க முயன்றால் கியர் இறுகி மறுபடி திக்கத் தொடங்கும். எனவே ஒழிக்காதீர்கள், ஏமாற்றுங்கள். எந்தத் தடத்துக்குப் போனாலும் கடைசி நெருக்கம் ஒரே திசையிலிருந்து வரட்டும். எதிர்த்திசையில் வருகிறதென்றால் சில டிகிரி தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். ஹோம் நிலையைக் கண்டுபிடிக்கும் ஹால் சென்சாருக்கும் இதே விதிதான், காந்தத்தை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அணுகுங்கள்.

கையால் பட்டன் அழுத்தி ஓட்டுபவர்களுக்கு வேறு வழி: ஷாஃப்ட்டில் ஃபெல்ட் வாஷரை மெல்லிய ஸ்பிரிங்கால் அழுத்தி வையுங்கள். கொஞ்சம் உராய்வு சேரும், ஆனால் சுற்று முழுக்க ஒரே அளவான உராய்வு. பாலம் தன்னிச்சையாக முன்னோடாது. மோட்டார் அமைப்பில் இந்தச் சீரான உராய்வு நன்மையே. இடத்துக்கு இடம் மாறுகிற உராய்வுதான் கெடுதல்.

அட்லஸ் கம்பெனி டர்ன்டேபிள் ஒவ்வொரு தடத்திலும் நின்று நின்று போகிறது. பழுதா?

இல்லை, அதன் அமைப்பே அப்படித்தான். உள்ளே ஜெனீவா இயக்கம், அதாவது விட்டுவிட்டு நகர்த்தும் அமைப்பு, இருக்கிறது. 15 டிகிரிக்கு ஒரு நிறுத்தம் என்று ஒரு சுற்றுக்கு 24 நிறுத்தம், தானாகவே நேர்கோட்டில் நிற்கும். எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாமல் இவ்வளவு துல்லியம் என்பது பெரிய விஷயம். தொடர்ந்து சுழல வேண்டும் என்று அதைப் பிரித்து மாற்றுபவர்கள் அந்தத் துல்லியத்தை இழந்து, பிறகு சென்சார் தேடி அலைகிறார்கள்.

பாலத்துத் தண்டவாளத்துக்கு மின்சாரம் எப்படிக் கொடுப்பது? அதுவும் உராய்வு சேர்க்குமா?

சேர்க்கும், அதனால்தான் கேட்க வேண்டிய கேள்வி. பித்தளை வளையத்தின் மேல் பாஸ்பர் வெண்கலத் தகடு உரசும் பழைய முறையில், தகட்டை அழுத்தி வைக்கிறோம் என்று பாதிப்பேர் பிரேக் கட்டிவிடுகிறார்கள். மெல்லிய தகடுகள் இரண்டிரண்டாக, இலேசாகத் தொட்டால் போதும். வளையம் மையத்தில் இல்லாவிட்டால் சுற்றுக்கு ஒரு முறை இறுக்கமும் ஒரு முறை தொடர்பு அறுதலும் வரும்.

இப்போது எளிதானது கேப்சூல் ஸ்லிப் ரிங், அதாவது சுழலும்போதும் வயர் தொடர்பு அறாமல் வைக்கும் சின்ன உருளை. சுழலும் சிசிடிவி கேமராக்களில் இருக்கும், ஆறோ பன்னிரண்டோ வயர்களுடன், வயருக்கு 2 ஆம்பியர் தாங்கும் வகைகள் கிடைக்கின்றன. இதையும் இரு பக்கமும் இறுக்கித் திருகாதீர்கள். ஒரு பக்கத்தைப் பொருத்திவிட்டு, மறுபக்கத்தை ஒரு முள்ளால் சுழலாமல் தடுத்தால் மட்டும் போதும். மூன்றாவது பேரிங் கதைதான் இங்கேயும்.

‘என்’ ஸ்கேலில் பலர் செய்யும் தந்திரம், ஹெட்போன் பிளக்கும் சாக்கெட்டும். பிளக்கே அச்சு, அதுவே மின் தொடர்பு. சின்னப் பாலத்துக்கு அழகாக வேலை செய்யும், கனமான எச்ஓ பாலத்துக்கு ஆடிப்போகும்.

பாலம் அரைச் சுற்று சுழன்றதும் ஷார்ட் ஆகிறது. ஏன்?

இரண்டு தண்டவாள முறையில் இடது தண்டவாளம் மின்சாரத்தின் ஒரு முனை, வலது மறு முனை. பாலம் 180 டிகிரி திரும்பினால் இரண்டும் இடம் மாறும். பாலத்துக்கும் அணுகு தடத்துக்கும் இடையேயுள்ள இடைவெளியை என்ஜின் தாண்டும்போது எதிரெதிர் முனைகளைச் சேர்த்துவிடும், ஷார்ட். டிசி அமைப்பில் மின் முனைகளை மாற்றிவிடும் ஒரு டிபிடிடி சுவிட்ச் போதும். டிசிசி-யில் (டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை) ஆட்டோ ரிவர்சர் போர்டு வைத்தால் ஷார்ட்டை உணர்ந்து கண்ணிமைப்பதற்குள் முனையை மாற்றிவிடும். மின் வளையத்தை இரண்டாகப் பிளந்து வைத்தாலும் முனை மாறும், ஆனால் பிளவைக் கடக்கும் நொடியில் மின்சாரம் அறுந்து, ஒலி டிகோடர் (சத்தம் எழுப்பும் சர்க்யூட்) உள்ள என்ஜின் வாயடைத்துப் போகும். பிளவு எந்த அணுகு தடத்துக்கும் நேராக வரக் கூடாது. நடுவில் மூன்றாவது தொடர்பு உள்ள மார்க்லின் கம்பெனி முறைக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது.

பாலம் நன்றாகச் சுழல்கிறது, என்ஜின் ஏறும்போதுதான் துள்ளுகிறது.

அணுகு தடங்களைப் பாருங்கள். பாலத்தை முழுதாகச் சரிசெய்த பிறகே அணுகு தடங்களைப் போட வேண்டும், பாலமே அவற்றுக்கு அளவுகோல். தண்டவாள முனைகள் ஆடாமல் இருக்க, பிசிபி (செம்பு பூசிய சர்க்யூட் பலகை) துண்டிலோ பித்தளைத் திருகின் தலையிலோ சால்டர் செய்யுங்கள். உட்பக்க மூலையை அரத்தால் ஒரு இழு இழுத்து மழுக்குங்கள். பாலத்துக்கும் தடத்துக்கும் இடையே சந்து அரை மி.மீ.-லிருந்து ஒரு மி.மீ.-க்குள் இருக்கட்டும். விளிம்புக்கு முன்னால் ஒரு என்ஜின் நீளத்துக்காவது தடம் நேராக இருக்க வேண்டும். வளைவிலிருந்து நேராகப் பாலத்தில் ஏற்றினால் முன் சக்கரம் எப்போதும் ஒரு பக்கத் தண்டவாளத்தை உரசிக்கொண்டே வரும்.

எவ்வளவு நீளப் பாலம் வேண்டும்?

என்ஜினின் மொத்த நீளம் முக்கியமில்லை, முதல் சக்கரத்திலிருந்து டெண்டரின் (பின்னால் வரும் எரிபொருள், தண்ணீர் வண்டி) கடைசிச் சக்கரம் வரையுள்ள தூரம்தான் கணக்கு. அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ‘பிக் பாய்’ என்ஜின் டெண்டரோடு சுமார் 132 அடி, சக்கரத்துக்குச் சக்கரம் 117 அடிச் சொச்சம். அதற்காக 135 அடி டர்ன்டேபிள்கள் போட்டார்கள். எச்ஓ-வில் அது சுமார் 472 மி.மீ. எடை சமமாகும் புள்ளியைத் தேட இடம் வேண்டுமென்பதால், உங்கள் நீளமான என்ஜினின் சக்கரத் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள்.

எந்த எண்ணெய் போடலாம்?

பேரிங்குக்கு ஒரு சொட்டு மெல்லிய மெஷின் எண்ணெய். பிளாஸ்டிக் கியருக்கு, பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கும் கிரீஸ், அதுவும் குண்டூசித் தலையளவு. வளையத் தண்டவாளத்துக்கும் மின் வளையத்துக்கும் எதுவும் வேண்டாம், ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். கிராஃபைட் பொடி மின்சாரத்தைக் கடத்தும், வளையங்கள் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

வெயில் காலத்தில் சரியாக ஓடியது மழைக்காலத்தில் பிடிக்கிறது.

எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை ஈரம் குடித்து உப்பியிருக்கும். வெட்டிய விளிம்பு வழியாகத்தான் அதிகம் குடிக்கும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் ஐப்பசி கார்த்திகையில் இது கட்டாயம் வரும் தொல்லை. குழியை பிவிசி ஃபோம் ஷீட்டிலோ அக்ரிலிக்கிலோ வெட்டுங்கள். எம்டிஎஃப்தான் என்றால் விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். பேரிங் பிளேட்டையும் குழியையும் ஒரே துண்டில் பொருத்தினால், அடிப்பலகை எப்படி வளைந்தாலும் இரண்டும் சேர்ந்தே நகரும்.

என்ன வேகத்தில் சுழல விடலாம்?

ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு நிமிடம் என் கண்ணுக்குச் சரியாகப் படுகிறது. கிளம்புவதும் நிற்பதும் படிப்படியாக இருக்க வேண்டும். ஆர்டுயினோவில் ஆக்செல்ஸ்டெப்பர் லைப்ரரி இந்த ஏற்ற இறக்கத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். டிசி மோட்டார் என்றால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடபிள்யூஎம் கன்ட்ரோலரின் குமிழை மெல்லத் திருகிப் பழகுங்கள். மெதுவாக ஓட்டும்போது மட்டும் மறுபடி திக்கினால் மோட்டாரைக் கழற்றிவிட்டு விரல் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.